இஞ்சியில் தொடங்கலாம்

1869இல் மடுல்சீமையில் ஒரு தோட்டத்துக் கோப்பிச் செடிகளின் இலைக்கு அடியில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். தொட்டால் விரலில் ஒட்டும். பேராதனைப் பூங்காவிலிருந்து இங்கிலாந்துக்கு மாதிரி போனது. பூஞ்சணம் என்று அங்கிருந்து பதில் வந்தது, பெயரும் வைத்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பி ராச்சியம் சரிந்து, ஊவா மலைகளில் தேயிலை ஏறியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலம் என்று ஒன்று உண்டு. அது முடிந்ததும் மன்னார் வழியாக ஊர் திரும்பியவர்கள் ஏராளம். தேயிலை அப்படி விடவில்லை. வருசம் முழுக்கக் கொழுந்து விடும் செடிக்கு வருசம் முழுக்க ஆள் வேண்டும். நம் பாட்டன் பூட்டன்மாரை லயத்திலேயே இருத்தியதில் துரைமாருக்கும் கங்காணிமாருக்கும் உள்ள பங்கு எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூஞ்சணத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

கோப்பி நோயை ஆராய 1880இல் இங்கிலாந்திலிருந்து ஓர் இளம் விஞ்ஞானியை அனுப்பினார்கள். ஹரி மார்ஷல் வார்ட் என்று பெயர். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. ஈராண்டு இங்கே இருந்து நோயின் போக்கைத் துலக்கினார்: வித்திகள் காற்றில் பறந்து வருகின்றன, ஈர இலையில் முளைக்கின்றன, இலைத்துளை வழியாக உள்ளே நுழைகின்றன. மலை மலையாக ஒரே செடியை இடைவெளி விடாமல் நட்டதே நோய்க்கு விருந்து வைத்தது போலாயிற்று என்றும் எழுதினார். மருந்து கேட்ட தோட்டக்காரர்களுக்குக் காரணம்தான் கிடைத்தது. அவர் ஊர் திரும்பினார், கோப்பி அழிந்தது.

அதே வார்ட் 1892இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் நீண்டதொரு கட்டுரை வெளியிட்டார். இம்முறை பொருள், இஞ்சி பியர். அக்காலத்து இங்கிலாந்தில் சாதாரண வீடுகளில் இஞ்சி, சீனி, தண்ணீர் மூன்றையும் போத்தலில் இட்டு, வெள்ளையும் மஞ்சளுமான வழுவழுப்பான கட்டிகள் சிலவற்றை அதில் போட்டு வைப்பார்கள். ஓரிரு நாளில் நுரைக்கும். அந்தக் கட்டிகளை அயலவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கினார்கள். எங்கிருந்து வந்தவை என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. வார்ட் அவற்றைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு கூட்டமே இருந்தது. அதில் இன்றியமையாதவை இரண்டு, ஒன்று ஈஸ்ட் எனப்படும் மதுவம், மற்றது பற்றீரியா. இரண்டும் சேர்ந்தால்தான் கட்டி கட்டும், பியர் நுரைக்கும். தனித்தனியாக வளர்த்தபோது அந்த வேலை நடக்கவில்லை. ஊவாவின் கோப்பியைக் காப்பாற்ற முடியாமல் போனவர், ஏழை வீட்டு அடுப்படிப் போத்தலொன்றின் கூட்டுக் குடித்தனத்தைக் கண்டுபிடித்தார்.

வீட்டில் பியர் செய்து பழகலாமா என்று இப்போது பண்டாரவளைப் பக்கத்துப் பையன்கள் கேட்கிறார்கள். கொழும்பில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள், கட்டாரிலிருந்து வந்தவர்கள், கைத்தொலைபேசியில் வெள்ளைக்காரர்கள் செய்வதைப் பார்த்தவர்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கோப்பியிலிருந்து வார்ட் போன வழியிலேயே போங்கள், இஞ்சியில் தொடங்குங்கள். ஏன் இஞ்சி என்பதற்கான காரணங்களில் பாதி சாமானைப் பற்றியவை, பாதி நம் வரலாற்றைப் பற்றியவை.

சாமானை முதலில் பார்ப்போம். பியருக்கு நான்கு பொருட்கள் வேண்டும்: தண்ணீர், முளைக்கவைத்த பார்லி, ஹொப்ஸ் என்ற கசப்புப் பூ, மதுவம். இங்கே தண்ணீருக்குக் குறைவில்லை. பேக்கரிக்காரர் வாங்கும் ஈஸ்ட் பதுளைக் கடைகளில் உண்டு. பார்லியும் உண்டு, ஆனால் அது காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கும் பார்லி. உமி நீக்கி, தீட்டி, முளைப்பகுதி சிதைந்து வருவது. ஈரத்துணியில் கட்டி வைத்தால் ஊறும், உப்பும், பிறகு புளித்து நாறும், முளைக்காது. முளைக்காத தானியத்தில் மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியம் சுரக்காது. சீனி இல்லாமல் மதுவத்துக்குத் தின்ன ஒன்றும் இல்லை. ஹொப்ஸ் கொடியோ கோடையில் பகல் மிக நீண்டிருக்கும் வட தேசங்களின் பயிர். ஊவாவில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம். கொடி வளர்ந்தாலும் ஒழுங்காகப் பூக்காது.

நம் பக்கத்தில் இருக்கும் அனுகூலங்களையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஏல் வகைப் பியர்களின் மதுவத்துக்கு 18 முதல் 22 பாகை செல்சியஸ் வெப்பம் உகந்தது. கொழும்பில் இதற்குக் குளிரூட்டி வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே உள்ள பண்டாரவளையில் ஒரு நிழலான அலுமாரி போதும். அப்புத்தளையில் இன்னும் குளிர். அங்கே தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகையால் எதையும் சற்றுக் கூடுதல் நேரம் கொதிக்கவிட வேண்டும். பார்லிக்குப் பதில் குரக்கன் இருக்கிறது. வெல்லஸ்ஸப் பக்கத்துச் சேனைகளில் காலங்காலமாக விளைவது. ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு மூன்று நாள் முளைகட்டவிட்டு, வெயிலில் காயவைத்து அரைத்தால் நல்ல மோல்ட். குழந்தைக்குக் கூழ் காய்ச்ச நம் தாய்மார் செய்வதும் இதுதான். இமயமலையோரத்தில் குரக்கனிலிருந்தே ஒரு வகைப் பியர் செய்து, மூங்கில் குழல் வைத்து உறிஞ்சிக் குடிக்கிறார்கள். ஆகவே ஊவாவில் பியருக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது.

வழியை மறிப்பது சட்டம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் செய்வது குற்றம். சொந்தக் குடிப்புக்குத்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. ஆகையால் குரக்கன் பியர் இப்போதைக்கு அறிவாக மட்டும் இருக்கட்டும். கையால் செய்து பழக இஞ்சி போதும்.

இஞ்சி பியருக்கு முதலில் ‘தாய்’ பிடிக்க வேண்டும். வார்ட் கண்ட கட்டிகள் இங்கே கிடைக்காது, ஆனால் இஞ்சித் தோலிலேயே காட்டு மதுவம் குடியிருக்கிறது. மண் போகக் கழுவிய இஞ்சியைத் தோல் சீவாமல் துருவி ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, கொதித்தாறிய தண்ணீர் ஒரு குவளை. வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலில் இட்டு, மெல்லிய துணியால் மூடிக் கட்ட வேண்டும். நாள்தோறும் அதே அளவு இஞ்சியும் சீனியும் சேர்த்துக் கிளற வேண்டும். முதல் இரண்டு நாள் எதுவும் நடக்காது. மூன்றாம் நாள் இஞ்சித் துருவல் மேலே மிதக்கும். காதை வைத்துக் கேட்டால் மெல்லிய இரைச்சல், தட்டினால் கீழிருந்து பொடிப் பொடியாகக் குமிழிகள். மணமும் மாறும். பச்சை இஞ்சியின் நெடி தணிந்து, இலேசான புளிப்பும் பழுத்த அன்னாசியின் வாடையும் எழும். சாக்கடை வாடையோ மேலே பச்சைப் படலமோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். ஐந்து முதல் ஏழு நாளில் தாய் தயார்.

பிறகு இரண்டு லீற்றர் தண்ணீரில் கையளவு இஞ்சியை நசுக்கிக் கொதிக்கவிட்டு, 200 கிராம் சீனி கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிட வேண்டும். சூட்டோடு தாயை ஊற்றினால் மதுவம் செத்துவிடும். தாயில் அரைக் குவளை வடித்து ஊற்றி, இரண்டு எலுமிச்சையைப் பிழிந்து, கழுவிய பிளாஸ்டிக் போத்தல்களில் நான்கு விரல் இடம் விட்டு அடைக்க வேண்டும். கண்ணாடிப் போத்தல் வேண்டாம். மதுவம் சீனியைத் தின்று காபனீரொட்சைட்டு விடும். போக இடமில்லாமல் அது திரவத்துக்குள் கரையும், அளவு மீறினால் கண்ணாடி வெடிக்கும். பியர்க்காரர்கள் போத்தலில் அடைக்கும்போது லீற்றருக்கு ஆறேழு கிராம் சீனிதான் சேர்ப்பார்கள். அங்கே சீனி தீர்ந்ததும் நுரைப்பும் நின்றுவிடும். இஞ்சி பியரில் சீனி மிச்சம் இருக்கிறது, தானாக நிற்காது. பிளாஸ்டிக் போத்தல் காற்று அடைத்த பந்தைப் போல் இறுகினால் நேரம் வந்துவிட்டது என்று பொருள். பதுளையில் ஒன்றரை நாள், பண்டாரவளையில் இரண்டு மூன்று நாள். உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். குளிரில் மதுவம் உறங்கும், அமுக்கம் மெதுவாகவே ஏறும், மதுசாரமும் சொற்பமாகவே இருக்கும்.

“இத குடிச்சா வெறிக்குமா தம்பி?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வெறிக்காது அக்கா, ஏப்பம்தான் வரும் என்றேன். கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூறு வருசத்து வீட்டுச் சண்டை இருக்கிறது.

பியர் பழகுபவருக்குத் தேவையான பாடங்கள் எல்லாம் இந்த இஞ்சிப் போத்தலில் உண்டு. சுத்தம், சூட்டின் அளவு, மணம் பிடிக்கும் மூக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகக் காத்திருத்தல். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்காதபோது பதறிக் கொட்டிவிடாமல் இருக்கத் தெரிய வேண்டும். இவற்றில் எதுவும் தோட்டத்துச் சனத்துக்குப் புதிதல்ல என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பறித்த கொழுந்தை ஸ்டோரில் இரவு முழுக்க வாடவிட்டு, ரோலரில் நசுக்கி, பச்சை நிறம் செம்பு நிறமாகும் வரை பரப்பி வைத்துக் காத்திருக்கிறார்கள். அங்கே மதுவத்துக்கு வேலை இல்லை. இலையின் சொந்த நொதியங்களும் காற்றின் ஒட்சிசனும் செய்யும் வேலை அது. ஆனால் கவனம் அதே கவனம். எந்த நிமிடத்தில் அடுப்புக்கு ஏற்ற வேண்டும் என்பதை டீமேக்கர் மூக்கால் முடிவு செய்கிறார். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசும்போது கொழுந்தின் வாசனையே வேறு. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குக் கிடைத்த பேர் அந்த மூன்று மாதக் காற்றினால் வந்தது. ஸ்டோரில் இலை பரப்பும் பெண்ணுக்கும் அந்த வாசனை தெரியும். சம்பளப் பட்டியலில் அதற்குத் தனிப் பத்தி கிடையாது.

பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் கித்துள் மரம் ஏறுபவர்களிடமும் இந்த அறிவு இருக்கிறது. பாளையிலிருந்து சொட்டத் தொடங்கிய நேரமே பதநீரில் மதுவம் இறங்கிவிடும். பாணி காய்ச்ச வேண்டுமானால் அதைத் தடுக்க வேண்டும். ஹல் மரப்பட்டைத் துண்டை முட்டிக்குள் போட்டுத் தடுப்பார்கள். தொடங்கி வைக்கத் தெரிவதைப் போலவே நிறுத்தி வைக்கத் தெரிவதும் நொதித்தல் அறிவுதான்.

இவ்வளவு அறிவும் சூழ இருக்கையில், லயத்துப் பக்கம் நொதித்தல் எடுத்த உருவம் ‘கோடா’. சீனியும் ஈஸ்டும் தண்ணீரும் கலந்து கானில் அடைத்து, ஓடைக்கரையில் புதைத்தோ தேயிலைத் தூரில் மறைத்தோ வைப்பது. பிறகு அதைக் காய்ச்சிக் கள்ளச் சாராயமான கசிப்பாக்குவது. கோடாவில் நடப்பதும் இஞ்சிப் போத்தலில் நடப்பதும் அடிப்படையில் ஒன்றே. மதுவத்துக்குச் சட்டம் தெரியாது, சீனியைக் கண்டால் தின்னும். வித்தியாசம் மனிதர் பக்கம் இருக்கிறது. கோடா போடுகிறவருக்கு நேரம் கிடையாது. மதுவரிக்காரரோ பொலிஸோ வருமுன் வேலை முடிய வேண்டும். புதைத்த இடத்துக்கு அடிக்கடி போய்ப் பார்க்க முடியாது, மணம் பிடித்துப் பார்க்க முடியாது, கெட்டுப் போனதைக் கொட்டவும் மனம் வராது, போட்ட காசு போய்விடும். அவசரம் கூடக் கூட அதற்குள் எது எது போகிறது என்பதும் கட்டுமீறிப் போகிறது. குடிப்பவருக்கும் தெரியாது, கேட்கவும் முடியாது. கசிப்பின் நஞ்சில் பெரும்பங்கு இந்த ஒளிவில் ஊறியது.

ஒளிவு எப்படி வந்தது? 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரின் குடும்பம் நுவரெலியாவில் குடியேறியது. இங்கிலாந்திலிருந்து மாடு, கொல்லன், பண்ணையாட்கள் என்று ஒரு கிராமத்தையே கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். பியரும் செய்தார்கள். அந்தக் குளிரூரில் 1881இல் வர்த்தக அளவில் பியர் ஆலை எழுந்தது. இன்று கடைகளில் நிற்கும் லயன் பியரின் வம்சம் அங்கிருந்து வருவது. வெள்ளைக்காரர் வீட்டுப் பியர் ஆலையாக வளர்ந்தது. தோட்டத்து ஆளுக்குக் கிடைத்தது தவறணை. 19ஆம் நூற்றாண்டு முழுக்கச் சாராயக் குத்தகை அரசாங்கத்தின் கொழுத்த வருமானங்களில் ஒன்று. குத்தகை எடுத்தவர்கள் அந்தப் பணத்தில் சீமான்களானார்கள். 1912இல் புதிய கள்ளுத் தவறணைகள் ஊர் ஊராகத் திறக்கப்பட்டபோது மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தது. அதே ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கண்ணுக்கு, குடிப்பது பிழையாகத் தெரியவில்லை. வரி கட்டாமல் குடிப்பதே பிழை.

சட்டம் போட்டவர்களின் ஊரிலும் நிலைமை முன்பு அப்படித்தான். 1880இல் பிரித்தானியா வீட்டுப் பியருக்கும் அனுமதிப்பத்திரம் கேட்டது. 1963இல் நிதியமைச்சர் மோட்லிங் அந்த விதியை நீக்கினார். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அடுத்த ஆண்டிலிருந்து வீட்டுப் பியரை விடுவித்தது. வீடுகளில் பழகியவர்களே பிறகு அங்கே சிறு ஆலைகளைத் தொடங்கினார்கள். எஜமானர்கள் தங்கள் ஊரில் கழற்றிவிட்ட பூட்டு இங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது.

பூட்டை உடனே கழற்று என்று கோருவது எளிது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. சம்பள நாளில் தவறணைக்குப் போகும் காசை வழிமறிக்க லயத்துப் பெண்கள் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். மதுவைக் கலையென்று பாடும் உரிமை அந்தப் பெண்களின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் கிடையாது. ஆனால் குடியால் வரும் அழிவைத் தடுப்பதாகச் சொல்லும் சட்டம், நூறு ஆண்டுகளுக்கு மேலாக லயத்துக் குடியைக் குறைக்கவில்லை. முத்திரை குத்திய போத்தலின் விலை ஏறும்போதெல்லாம் கைக்காசு கசிப்புப் பக்கம் ஒதுங்குவதைத் தோட்டத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள்.

இதற்கு நடுவில் ஒருவரும் பேசாத ஒரு விசயம் இருக்கிறது. வீட்டில் பியர் பழகச் சொல்லும் எந்தக் கையேடும் வாளி, குழாய், வெப்பமானி என்று பட்டியல் போட்டுத்தான் தொடங்கும். அந்தப் பட்டியலுக்கு முன்பே வேண்டியது ஒன்று, வீட்டில் ஒரு மூலை. இருட்டான, அசையாத, பிள்ளைகளின் கை எட்டாத, இரண்டு வாரம் யாரும் தொடாத மூலை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் அப்படி ஒரு மூலை எங்கே இருக்கிறது? அங்கேயே அடுப்பு, அங்கேயே படுக்கை, அங்கேயே பிள்ளை படிப்பு. சுவரும் கூரையும் தோட்டத்துக்குச் சொந்தம். ஏழு பேர்ச் காணி, தனி வீடு, உறுதிப்பத்திரம் என்ற கோரிக்கையைச் சிலர் வெறும் குடியிருப்புப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். எதையும் போட்டுவைத்துக் காத்திருக்க உரிமையுள்ள ஓர் இடம் என்பதாகவும் அதைப் பார்க்கலாம். ஊறுகாய் போட, விதை எடுத்துவைக்க, பிள்ளை வரைந்த படத்தை மாட்ட, இஞ்சிப் போத்தலை மறந்துவிட. தேயிலை எத்தனை மணி நேரம் வாட வேண்டும் என்று தோட்டம் தீர்மானித்தது. பிரட்டுக்கு எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்றும் அதுவே தீர்மானித்தது. தன் இஷ்டத்துக்குக் காத்திருக்கும் வசதி மட்டும் லயத்துக்குக் கொடுக்கப்படவில்லை. கோடாவின் அவசரம் அந்த இல்லாமையில் பிறந்தது.

அதனால்தான் இஞ்சியில் தொடங்குங்கள் என்கிறேன். இதை ஒளிக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்துச் செய்யலாம், அம்மாவிடம் மணம் பிடித்துப் பார்க்கச் சொல்லலாம், பக்கத்து வீட்டுக்குத் தாயில் ஒரு கரண்டி கொடுக்கலாம். எட்டாம் வகுப்பு விஞ்ஞான ஆசிரியர் நொதித்தல் பாடத்துக்குச் சமன்பாட்டை எழுதிப் போடுவதோடு நிறுத்தாமல் இரண்டு போத்தல்களை மேசையில் வைத்துக் காட்டலாம், ஒன்றில் கொதிக்கவைத்துக் கொன்ற தாய், மற்றதில் உயிருள்ள தாய். தன் கையால் ஒன்றை நுரைக்கவைத்துப் பார்த்த பிள்ளை, பிற்காலத்தில் யாரோ நீட்டும் போத்தலுக்குள் என்ன இருக்கிறது, எத்தனை நாள் ஊறியது, எதில் ஊறியது என்று கேட்காமல் வாய் வைக்காது என்று நம்புகிறேன். தவறணைக்காரருக்கும் கசிப்புக்காரருக்கும் ஒருசேரப் பிடிக்காத கேள்விகள் இவை. வீட்டுப் பியருக்கு அனுமதி வேண்டுமா, கூடாதா என்ற விவாதம் ஊவாவில் ஒருநாள் வந்தால், அந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர்கள் அந்த விவாதத்தில் இருக்க வேண்டும், முக்கியமாகப் பெண்கள்.

அதுவரை தாய்க்குத் தினமும் ஒரு கரண்டி சீனி போடுங்கள். இஞ்சி விலையைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.